ஆமாங்க, நான் ஃபர்ஸ்ட் பெஞ்ச்தான். இப்ப என்ன?

அந்த லைவ் கிளிப்பைப் பார்க்காதவங்க என் நட்புப் பட்டியல்ல யாரும் மிச்சமிருக்க வாய்ப்பில்லை. நேத்துலேர்ந்து இன்பாக்ஸ்ல "என்ன சார், ரொம்பக் கோபமா?"ன்னு ஸ்மைலியோட விசாரிப்பு வேற. கோபமெல்லாம் ஒண்ணுமில்லை. கல்லூரிக் காமெடிப் படங்களைப் பத்திப் பேச ஒரு லைவ் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டாங்க, போனேன். இந்தப் படங்கள்ல படிக்கிறவன் மட்டும் ஏன் எப்பவும் கோமாளியாவே வர்றான்னு கேட்டேன். பதில் சொல்ல வேண்டியவர், "சார் காலேஜ்ல ஃபர்ஸ்ட் பெஞ்சோ?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. கேள்வி அங்கேயே செத்துப்போச்சு, கிளிப் மட்டும் உயிரோட சுத்திக்கிட்டிருக்கு.

அங்கே பேச விடலை. இது என் பக்கம், இங்கே பேசிக்கிறேன்.

காலேஜ் காமெடின்னா ஏன் படிப்ஸ்தான் ஜோக்கு? கிளாஸ் கட் அடிக்கிறவன் ஹீரோ. பிட் அடிக்கிறவன் ஹீரோவோட நண்பன். அரியர் வெச்சவன் தத்துவம் பேசுவான். நோட்ஸ் எடுக்கிறவனுக்கு மட்டும் எண்ணெய் வழியிற தலை, சோடாபுட்டிக் கண்ணாடி, போதாததுக்கு வாத்தியார்கிட்ட போட்டுக்கொடுக்கிற புத்தி. படிக்கிறவன் நல்லவனா இருந்துட்டா படம் ஓடாதுன்னு யார் சொன்னது?

1978-ல வந்த 'அனிமல் ஹவுஸ்'ங்கிற ஹாலிவுட் கல்லூரிக் காமெடிப் படத்துல டீன் எல்லாரையும் நிக்கவெச்சு மார்க் வாசிப்பார். நடிகர் ஜான் பெலூஷி பண்ணின பாத்திரத்தோட மார்க் சராசரி 0.0. யார் யார் பிற்பாடு என்ன ஆனாங்கன்னு கடைசியில எழுத்துப் போடும்போது அதே ஆள் செனட்டர்! பிரமாதமான ஜோக். ஆனா அந்த அடி அரசியல்வாதிங்க மேல விழுந்தது. பின்னாடி வந்தவங்க செனட்டரை விட்டுட்டாங்க, 0.0-ஐ மட்டும் தூக்கிவெச்சுக் கொண்டாடிக்கிட்டிருக்காங்க.

உடனே ஒருத்தர் வருவார். "3 இடியட்ஸ்ல, நண்பன்ல ஹீரோதானே ஃபர்ஸ்ட் ரேங்க்?" வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். ஹீரோ முதல் ரேங்க்தான். ஆனா அவன் விழுந்து விழுந்து படிக்கிறதா காட்டவே மாட்டாங்க. மார்க் தானா வந்து மடியில விழணும். விழுந்து விழுந்து படிச்சவன் ரெண்டாவது ரேங்க், அவன்தான் கோமாளி. மார்க் வாங்குறது தப்பில்லை, அதுக்காக உழைக்கிறது தெரிஞ்சுடக் கூடாது, அதுதான் கேவலம்! அந்த மேடைப் பேச்சுக் காட்சியை யோசிச்சுப் பாருங்க. மொழி சரியா வராத அந்த ரெண்டாவது ரேங்க்காரன் பாடுபட்டு மனப்பாடம் பண்ணின உரையில, அவனுக்குத் தெரியாம ஒரு நல்ல வார்த்தையை எடுத்துட்டு பாலியல் வன்முறையைக் குறிக்கிற வார்த்தையை வெச்சுவிடுறது ஹீரோ. தியேட்டரே அதிருது. அதை வெச்சு ஜோக்கான்னு அன்னிக்குப் பெரிசா யாரும் கேட்கலை, அது தனியா ஒரு பதிவுக்கான விஷயம்.

"அவங்க மனப்பாடத்தைத்தான் கிண்டல் பண்றாங்க, படிப்பை இல்லை"ன்னு இன்னொருத்தர் நியாயமா பேசுவார். பாதி ஒத்துக்கிறேன். மீதிப் பாதிக்கு இதைக் கேளுங்க. பள்ளிக்கூடத்துல ஒரு மொழி, காலேஜ்ல வேற மொழின்னு வந்து விழுந்தவன் நான். முதல் வருஷம் பாடம் புரியலை, வரிவரியா நெட்டுருப் போட்டேன். வேற என்ன செஞ்சிருக்கணும்? புரிதல் பின்னாடிதான் வந்தது. அந்த நெட்டுரு இல்லைன்னா அது வர்றதுக்கு நான் அங்கே இருந்திருக்கவே மாட்டேன். "புரிஞ்சு படிடா"ன்னு சொல்றவனுக்கு வீட்டுல புரியவைக்க ஆள் இருந்திருக்கு. எனக்கு இல்லை.

'நெர்ட்', அதாவது நம்ம படிப்ஸ், ஜெயிக்கிற படமும் இருக்கேன்னா, 1984-ல வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் த நெர்ட்ஸ்' இருக்கு. பொண்ணுங்க தங்குற வீட்டுல ரகசியக் கேமரா வெச்சுப் பார்க்கிறதெல்லாம் ஜெயிக்கிற வழியாம். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

"காமெடியைக் காமெடியா பாருங்க சார்." பார்க்கிறேங்க. உங்களைவிட நிறையவே பார்க்கிறேன். 1925-ல மௌனப்படக் காமெடி நடிகர் ஹரால்ட் லாயிட் 'தி ஃப்ரெஷ்மேன்' எடுத்தார். காலேஜ் எப்படி இருக்கும்னு ஒரு சினிமாவைப் பார்த்துக் கத்துக்கிட்டு, அந்த ஹீரோ ஆடுற குட்டி ஆட்டத்தையே காப்பியடிச்சுக்கிட்டு வர்ற அப்பாவி. காலேஜே அவன் முதுகுக்குப் பின்னாடி சிரிக்கும், நமக்குச் சிரிப்போட சங்கடமும் வரும். நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் செஞ்சுட்டார். 2001-ல 'லீகலி ப்ளாண்ட்' நாயகி கொண்டாட்டத்தையெல்லாம் விட்டுட்டு உக்காந்து படிச்சு சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுல 180-க்கு 179 வாங்குவா. படிக்கிறதுதான் அங்கே காமெடி, ஆனா அவ கோமாளி இல்லை. முடியுதில்ல?

படிப்புக்குள்ளேயே எவ்வளவு சிரிப்பு கொட்டிக்கிடக்கு! "ஒண்ணுமே படிக்கலைடா"ன்னு பரீட்சை ஹால் வாசல்ல புலம்பிட்டு, அரை மணி நேரத்துல அடிஷனல் ஷீட் கேட்டு எழுந்து நிக்கிறவன் ஒருத்தன் போதாதா? எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன் படிக்கிறது தெரிஞ்சா மானம் போயிடும்னு பாத்ரூம்ல தாழ் போட்டுக்கிட்டுப் படிப்பான். குடிக்கிறதைக்கூட யாரும் அப்படி மறைக்கலை. இந்தக் கூச்சத்தை அவனுக்கு யார் கத்துக்கொடுத்தது? "சும்மா படம்தானே"ன்னு சொல்றவங்க இதுக்குப் பதில் சொல்லிட்டுப் போகட்டும்.

என் ரூமுக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி கூட்டம் வரும். விடிய விடியச் சொல்லிக்கொடுப்பேன், என் நோட்டோட ஜெராக்ஸ்தான் பாதிப் பேரைக் கரையேத்துச்சு. ஃபேர்வெல் அன்னிக்கு அதே பசங்க மேடையில ஒரு நாடகம் போட்டாங்க. அப்ப ஓடிக்கிட்டிருந்த ஒரு படத்துல வந்த படிப்ஸ் பாத்திரத்தை அப்படியே உருவி, என் பேரை வெச்சிருந்தாங்க. என் நடை, என் திக்குவாய், என் ஒரே நல்ல சட்டை. வீட்டுலேர்ந்து வந்த என் அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அவங்களுக்கு அது நான்தான்னு புரிஞ்சுதா இல்லையான்னு நான் கடைசி வரைக்கும் கேட்கலை.

இதையெல்லாம் ஏன் இப்ப சொல்றேன்னு தெரியலை. சினிமாவைப் பத்தித்தான் பேச வந்தேன்.

அந்த நாடகத்துல என்னை நடிச்சவன் போன மாசம் போன் பண்ணினான். பையன் புத்தகத்தையே தொட மாட்டேங்கிறானாம், கேட்டா "படிக்கிறவன்லாம் பழம்பா"ங்கிறானாம். "நீ கொஞ்சம் பேசுடா, நீதான் நல்லாப் படிச்சவன்"ன்னான். ஃபேர்வெல் நாடகம் ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். "எந்த நாடகம்?"ங்கிறான்.

தடை பண்ணச் சொல்லலை, சென்சாரைக் கூப்பிடலை. அப்படிச் சொன்னேன்னு கிளப்பிவிடாதீங்க. படிக்கிற பையனோ பொண்ணோ ஹீரோவா இருந்து, நம்மளைச் சிரிக்கவும் வெச்ச கல்லூரிப் படம் தமிழ்ல எதுன்னு கமெண்ட்ல பேரைப் போடுங்க, இன்னிக்கே பார்க்கிறேன். இடைவேளைக்கு அப்புறம் கண்ணாடியைக் கழட்டினதும் அழகாயிடுற படமெல்லாம் கணக்குல சேராது.