வேகமாகக் கலக்கினால் மட்டும் போதாது

நானோ துகள் தயாரிப்பு பற்றிய கட்டுரைக்கு நன்றி. ஆனால் "கரைசல்களை வேகமாகக் கலந்தால் துகள் சிறிதாகும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நீரில் கரையாத வெள்ளைப் பொருளான பேரியம் சல்பேட்டையே எடுத்துக்கொள்வோம். பேரியம் குளோரைடு, சோடியம் சல்பேட் கரைசல்கள் சந்தித்ததும் மில்லிநொடிகளில் அதன் படிகக் கருக்கள், அதாவது துகள் வளரத் தொடங்கும் நுண்ணிய திரள்கள், பிறக்கத் தொடங்கிவிடும். பீக்கரில் கலக்கும் கோல் ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் ஊற்றிய இடத்தில் ஒரு செறிவு, ஓரத்தில் வேறொரு செறிவு. அதனால் துகள்களும் பல அளவில் வரும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள டி வடிவக் குழாயில் இரண்டு கரைசல் ஓடைகளையும் வேகமாக நேருக்கு நேர் மோதவிட்டால், கரு உருவாகும் முன்பே கலப்பு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஒரே சமயத்தில் எக்கச்சக்கமான கருக்கள். ஒவ்வொன்றுக்கும் வளரக் கிடைக்கும் பொருள் கொஞ்சம்தான்.

சரி, சிறிய துகள் வந்துவிட்டது. அப்புறம்? அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பேரியம் அயனியைச் சற்று அதிகமாக விட்டால் அது துகளின் மேல் படிந்து நேர்மின்சுமை தரும், துகள்கள் விலகி நிற்கும். சல்பேட் அதிகமானால் இந்தப் பாதுகாப்பு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. இதைக் கட்டுரையில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, அடைப்பு. மாணவனாக இருந்தபோது கரைசலைத் தள்ளும் ஒரு பம்ப் சற்றே தயங்கியதில், மோதும் இடத்தில் வெள்ளையாகப் படிந்து குழாய் முழுக்க அடைத்துக்கொண்டது. அன்றைய வேலை முழுவதும் வீண். தொடர் உற்பத்தி என்றால் இரண்டு ஓட்டமும் சீராக இருப்பதுதான் முதல் கவலை. அடுத்த பகுதியில் பம்ப் தேர்வு பற்றியும் எழுதுங்கள்.