பத்து நாள் பார்ப்பது ஊசியை நிறுத்தத்தான், தள்ளிப்போட அல்ல

"கடித்த நாயைப் பத்து நாள் கவனியுங்கள், அதற்கு ஏதாவது ஆனால் மட்டும் ஊசி போடுங்கள்" என்று ரேபீஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து.

ரேபீஸ் வைரஸ் நாயின் எச்சிலில், நோய்க்குறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே வந்துவிடும். பத்தாம் நாளும் நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். மீதி ஊசிகளை மருத்துவர் நிறுத்தலாம். ஆனால் முதல் ஊசி அன்றே போயிருக்க வேண்டும். தடுப்பூசி போட்டபின் உடலில் வைரஸை எதிர்க்கும் எதிர்ப்பொருள் (antibody) உருவாகவே ஏழு முதல் பத்து நாள் ஆகும். கடிபட்டவருக்கு அறிகுறி வந்தபின் பிழைப்பது அரிதிலும் அரிது.

இந்தக் கணக்கு நாய், பூனைக்குத்தான். குரங்குக்கோ வௌவாலுக்கோ பொருந்தாது. பிடித்து வைக்க முடியாத தெருநாய் என்றால் கவனிப்பு என்ற பேச்சே இல்லை!

கடிபட்டதும் முதலில் காயத்துக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும், முழு 15 நிமிடம். பலரும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. தையல் அவசரப்பட்டுப் போடக் கூடாது. தோல் கிழிந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலினை (ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி) காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். உடலில் சொந்த எதிர்ப்பொருள் உருவாகும்வரை காப்பது அதுதான். விட்டுப்போனால் முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் போடலாம், அதற்குமேல் பயனில்லை.

தடுப்பூசியைத் தசையில் போடும் வழக்கமான முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 14, 28 ஆகிய நாட்கள். பெரியவர்களுக்குப் புஜத்தில் போட வேண்டும்; புட்டத்தில் போட்டால் பலன் குறையும்.