பத்து ரூபாயும் வேகமும்
"பத்து ரூபாய் வைத்து நிதானமாக ஆடினால் கையைக் கடிக்காது" என்கிறது ஆன்லைன் சூதாட்டம் பற்றிய கட்டுரை ஒன்று. தொகை சரி, வேகமும் நம் கையில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டதுதான் இடிக்கிறது. பந்து எந்தக் குழியில் விழும் என்று பணம் கட்டும் ரூலெட்டில், ஒற்றைச் சுழியம் உள்ள சக்கரத்துக்கு 37 குழி, சிவப்பு 18தான். சிவப்பில் கட்டி விழுந்தால் போட்ட அளவே லாபம், மற்ற 19இல் விழுந்தால் போட்டது போச்சு. ஆக 10 ரூபாய்க்குச் சராசரியாக 27 காசு போகும். மணிக்கு 40 சுற்று என்றால் 11 ரூபாய், டீக்காசு. போனில் நிமிடத்துக்கு ஐந்து சுற்று ஓடினால் அதே ஆட்டத்தில் மணிக்கு 81 ரூபாய். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் கொடையில் விடிய விடியச் சீட்டு ஆடுவார்கள். குலுக்கிப் போட்டு, ஒருத்தர் வெற்றிலை போட எழுந்து, ரெண்டு பேர் சண்டை பிடித்து முடிவதற்குள் மணிக்குப் பத்து ஆட்டம் தேறினால் பெரிசு. அந்தத் தாமதம்தான் பிரேக். தமிழ்நாட்டில் 2022 ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வருவதற்கு முந்தின வருஷம், பாளையங்கோட்டையில் இரவுப் பணியில், போனில் படங்கள் சுழன்று நிற்கும் ஸ்லாட் ஆட்டத்தில் தானாகச் சுழலும் பொத்தானை அமுக்கிவிட்டு நானும் டிபன் டப்பாவைத் திறந்தேன். சொதிச் சோறு தின்று கை கழுவி வந்து பார்த்தால் போட்ட 500இல் 60 மிச்சம். அந்தக் கட்டுரையின் பின்னூட்டத்தில் "ஒரு டீ செலவுதானே" என்று எழுதியிருக்கும் அண்ணாச்சி, எத்தனை டீ என்று உங்கள் கணக்குப் பக்கத்தைத் திறந்து ஒருதடவை எண்ணிப் பாருங்கள்.