ஐம்பது பாடத்தை ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள்

டோக்கியோவில் ஜப்பானிய மொழிப்பள்ளியில் சேர்வதைப் பற்றி ஊரிலிருந்து யார் கேட்டாலும் நான் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். பலருக்கு அது பிடிப்பதில்லை. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்து நிலைகள் உண்டு, என்5 அடிநிலை, அதற்கு அடுத்தது என்4. அந்த என்4 அளவுக்காவது ஊரில் படித்துவிட்டு வாருங்கள். "அங்கே போனா தானா வந்துடும்" என்று ஏஜென்ட் சொல்வதை நம்பி, ஹிரகானா, கத்தகானா என்ற இரண்டு அடிப்படை எழுத்து வரிசைகள் மட்டும் தெரிந்த நிலையில் விமானம் ஏறாதீர்கள்.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 150 மணி நேரம் படித்ததற்கான சான்றையோ என்5 தேர்ச்சியையோ பெரும்பாலும் கேட்பார்கள். வகுப்புக்கே போகாதவருக்கும் அந்தச் சான்றிதழை அடித்துக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பள்ளியில் சேர்ந்ததும் எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கப் பிளேஸ்மென்ட் தேர்வு ஒன்று வைப்பார்கள். அங்கே அந்தக் காகிதம் செல்லாது, அடிமட்ட வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அந்த அடிமட்ட வகுப்பில் என்ன நடக்கும்? வாரத்துக்கு 20 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். காலை அல்லது மதியம் என்று அரை நாள்தான். நேபாளம், வியட்நாம், மியான்மர், சீனா என்று எல்லோரும் கலந்திருப்பதால் ஆசிரியர் ஜப்பானிய மொழியிலேயே ஜப்பானிய மொழியை நடத்துவார். படம் காட்டுவார், நடித்துக் காட்டுவார். பெரும்பாலான இடங்களில் பாடப்புத்தகம் 'மின்னா நோ நிஹோங்கோ'. தொடக்க நிலைக்கு இரண்டு பாகம், மொத்தம் 50 பாடம். அதை முடித்தால் ஏறத்தாழ என்4 அளவு. சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் படிக்கிறார்களே, அதே புத்தகம்தான். அதை இங்கே உட்கார்ந்து படிக்க ஆண்டுக்கு 7 லட்சம் யென்னுக்கு மேல் கட்டுகிறோம். அதுவும் ஊரில் தமிழில் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடக்கூடிய இலக்கணத்தை, பொம்மைப் படத்தைப் பார்த்து ஊகித்து ஊகித்துப் படிப்பதற்காக.

தமிழ் தெரிந்தவருக்கு இந்த இலக்கணம் பாதி தெரிந்த மாதிரிதான். வினைச்சொல் கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. 'சாப்பிட்டுப் பார்', 'வாங்கி வை' என்று நாம் துணைவினை சேர்ப்பதைப் போலவே ஜப்பானியர்களும் 'தபேதே மிரு', 'கத்தே ஓகு' என்கிறார்கள். (ஜப்பானிய மொழி அறிஞர் ஓனோ சுசுமு இரு மொழிக்கும் உறவு உண்டு என்று எழுதினார், மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.) சீன மாணவர்கள் திணறும் இடத்தில் நாம் சுலபமாகக் கடந்துவிடுவோம். ஆனால் சீனத்திலிருந்து வந்த 'கஞ்சி' எழுத்து என்று வரும்போது கதை தலைகீழ். அவர்கள் பார்த்தவுடன் பொருளைப் பிடித்துக்கொள்வார்கள், நாம் ஒவ்வொரு எழுத்தாக எழுதி எழுதி ஏற்ற வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 எழுத்துகள். நம் நேரம் எல்லாம் அங்கே தேவைப்படும்போது, முதல் ஆறு மாதத்தை 'இது பேனா, அது மேஜை' என்பதில் கழிப்பது வீண்.

இதைவிடப் பெரிய காரணம் பகுதிநேர வேலை. அதைத்தான் யாரும் சொல்வதில்லை. மாணவர் விசாவில் தனியாக அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம். டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 1,226 யென். வாரத்துக்கு 34,000 யென் சொச்சம் வரும். அறை வாடகை, சாப்பாடு, உடல்நலக் காப்பீடு, ரயில் பாஸ் எல்லாம் போனால் அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 மணியைத் தாண்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். விசா நீட்டிப்பின்போது வருகைப்பதிவையும் வரிச் சான்றையும் பார்ப்பார்கள், மாட்டிக்கொள்வீர்கள்.

பணத்தைக்கூட விடுங்கள். மொழி தெரியாமல் வருகிறவருக்கு என்ன வேலை கிடைக்கும்? பெந்தோ எனப்படும் டப்பா சாப்பாடு தயாரிக்கும் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட், இல்லையென்றால் கூரியர் கிடங்கில் பெட்டி பிரிப்பது. தலை முதல் கால் வரை வெள்ளை உடையை மாட்டிக்கொண்டு, நகரும் பெல்ட்டில் வரும் ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு துண்டு ஊறுகாய் வைக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரும் நம்மைப் போல வெளிநாட்டுக்காரர்தான். இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை கூலி 25 சதவீதம் கூடுதல் என்பதால் விடவும் மனம் வராது. காலையில் வகுப்பில் தலை சாயும். இப்படியே இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டு, ஜப்பானில் இருந்தும் என்4 தாண்டாத நம் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

என்4 முடித்துவிட்டு வருகிறவருக்குக் கன்வீனியன்ஸ் ஸ்டோர் கல்லாவில் நிற்க வாய்ப்பு உண்டு. நானும் அப்படித்தான் நின்றேன். சூடாக்கித் தரவா, பை வேண்டுமா, பாயிண்ட் கார்டு இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடம் மரியாதை மொழியில் கேட்டாக வேண்டும். ஒருவர் மின்கட்டணம் கட்ட வருவார், இன்னொருவர் ஊருக்குப் பார்சல் அனுப்ப வருவார். ஒரு தாத்தா வாய்க்குள்ளேயே சிகரெட் பெயரைச் சுருக்கிச் சொல்வார், பின்னால் வரிசை நீளும். மேனேஜர் திட்டுவதும் ஜப்பானிய மொழியில்தான். வகுப்பில் காலையில் படித்த மரியாதை வினை மாலையில் கல்லாவில் வேலைக்கு வரும். சம்பளமும் கொடுத்து மொழியும் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு அது. டோக்கியோவுக்கு வந்து படிப்பதன் பலனே இதுதான்.

"ஊரில் படித்தால் உச்சரிப்பு கெட்டுவிடும்" என்று ஒருவர் சொன்னார். கெட்ட உச்சரிப்பைத் திருத்த இங்கே ஆள் இருக்கிறார்கள். மூன்று மாதம் வாயே திறக்காதவருக்கு எதைத் திருத்துவது?

ஜேஎல்பிடி தேர்வு சென்னையிலேயே நடக்கிறது, ஜூலையிலும் டிசம்பரிலும். ஏப்ரலில் சேர வேண்டுமென்றால் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களுக்குள் விண்ணப்ப வேலை முடிந்திருக்க வேண்டும், ஆகவே ஜூலைத் தேர்வைக் குறிவையுங்கள். இன்பாக்ஸில் நல்ல ஏஜென்ட் நம்பர் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை. 50 பாடத்தில் எத்தனையாவது பாடத்தில் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.