யாரும் கொல்லாமலா செத்தது அந்த ரயில்வே?

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். எந்த வீடியோ என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "அண்ணா, உங்க ஊர் ரயிலைப் பத்திப் போட்டிருக்காங்க" என்று எனக்கு அனுப்பியவர்களே நீங்கள்தான். பார்த்தேன். மரியாதையாக ஒரு கமெண்ட் போட்டேன். "அங்கிள், எமோஷனல் ஆகாதீங்க, இது பிசினஸ் பாடம்" என்று பதில் வந்ததையும் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் என் கமெண்டையே காணோம். சரி, என் பக்கத்தில் நான் எழுதுவதை யார் அழிப்பது?

பார்க்காதவர்களுக்காக இரண்டே வரி. "காலத்துக்கு ஏற்ப மாறாதவன் காணாமல் போவான். உதாரணம், அயர்லாந்தின் கிரேட் நார்தர்ன் ரயில்வே." பின்னணியில் ஒரு குதிரை டிராம் படம். 1957 வரைக்கும் குதிரையைக் கட்டி இழுத்தார்களாம். சிரிக்கிற எமோஜி. பாடம் முடிந்தது.

நான் குடியிருப்பது டண்டாக்கில். அயர்லாந்துக் குடியரசில், வட அயர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், அந்தக் கம்பெனியின் பட்டறை இருந்த ஊர். அவர்கள் காலத்துப் பாய்ன் பாலத்தின் மேல்தான் தினமும் காலையில் டப்ளினுக்கு வேலைக்குப் போகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ரயில்வே மாறாததால் சாகவில்லை. அதன் உடம்புக்கு நடுவே ஒரு நாட்டு எல்லையைப் போட்டார்கள். அப்புறம் இரண்டு அரசுகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று வெட்டி எடுத்துக்கொண்டன.

முதலில் அது எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1839இல் பெல்ஃபாஸ்டிலிருந்து லிஸ்பர்ன் வரை அல்ஸ்டர் ரயில்வே. தண்டவாள அகலம் 6 அடி 2 அங்குலம். தெற்கே 1844இல் திறந்த டப்ளின் – ட்ராஹெடா பாதையைத் திட்டமிட்டவர்களோ 5 அடி 2 அங்குலம் என்று நின்றார்கள். ஒருவர் வண்டி இன்னொருவர் பாதையில் ஓடாது. கடைசியில் அரசு தலையிட்டு 5 அடி 3 அங்குலம் என்று முடிவு செய்தது. அல்ஸ்டர்காரர்கள் போட்ட பாதையைப் பெயர்த்து மறுபடி போட்டார்கள். அந்த அகலம்தான் இன்றைக்கும் தீவு முழுக்க. மாறத் தெரியாதவர்களாம்! ஆரம்பமே மாற்றத்தில்தானய்யா.

1850களில் பாய்ன் ஆற்றின் மேல் பாலம், நியூரி பக்கத்தில் 18 வளைவுகளோடு கிரெய்க்மோர் பாலம். டப்ளினும் பெல்ஃபாஸ்டும் ஒரே கோட்டில் சேர்ந்தன. மேற்கே டெர்ரி, என்னிஸ்கில்லன் என்று தனித்தனியாகப் பாதை போட்டு மூச்சுத் திணறிய சின்னக் கம்பெனிகள் ஒன்றாகி, 1876இல் கிரேட் நார்தர்ன் பிறந்தது. சுமார் 900 கிலோமீட்டர் பாதை. பண்டோரன் கடற்கரையில் சொந்த ஓட்டல். 1881 முதல் டண்டாக்கில் சொந்தப் பட்டறை. முதல் உலகப் போருக்கு முன் அயர்லாந்தில் நல்ல டிவிடெண்ட் கொடுத்த ரயில்வேக்களில் இதுவும் ஒன்று.

"கம்பெனி என்ன புனிதமா? ஆர்மா விபத்தை ஏன் மறைக்கிறீர்கள்?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். மறைக்கவில்லை. 1889 ஜூன் 12. ஆர்மாவிலிருந்து வாரன்பாயின்ட் கடற்கரைக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன வண்டி மேட்டில் ஏற முடியாமல் நின்றது. பின்பக்கப் பெட்டிகளைக் கழற்றினார்கள். கழற்றியவை பின்னோக்கி ஓடி, பின்னால் வந்த ரயிலில் மோதின. 80 பேர் செத்தார்கள், நிறையப் பேர் குழந்தைகள். தானாகப் பிடிக்கும் பிரேக் இருந்திருந்தால் நடந்திருக்காது. அது கம்பெனியின் பாவம்தான். அதற்கப்புறம்தான் பயணிகள் ரயிலில் அந்தப் பிரேக்கைச் சட்டமே கட்டாயமாக்கியது. ஆனால் அதற்குப் பின்னும் கம்பெனி பல பத்தாண்டுகள் நன்றாக ஓடியது. விபத்து ஒரு கணக்கு, மூடியது வேறு கணக்கு. இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

இப்போது 1923க்கு வாருங்கள். அந்த வீடியோவில் இல்லாத வருடம் அது. நானும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். அயர்லாந்து பிரிந்தது என்ற சொல்லே இல்லை!

1921இல் தீவு இரண்டானது. வடக்கு பிரிட்டனுக்குள்ளேயே நின்றது, அதன் அரசு பெல்ஃபாஸ்டில். தெற்கு தனி நாடானது, அதன் அரசு டப்ளினில். மற்ற பெரிய ரயில்வேக்களுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. தெற்கே மட்டும் ஓடிய கம்பெனிகளை 1925இல் ஒன்றாக்கி கிரேட் சதர்ன் என்று பெயர் வைத்தார்கள். பெரிய கம்பெனிகளில் கிரேட் நார்தர்னை மட்டும் எந்தப் பக்கமும் சேர்க்க முடியவில்லை. எல்லைக்கோடு அதன் பாதைகளைத் திரும்பத் திரும்ப வெட்டியது. குளோனிஸிலிருந்து கேவன் போகிற பாதையில், ஒரே பயணத்தில் நாடு மாறி, திரும்ப மாறி, மறுபடி மாறும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவே சுவர் எழுப்பினால் அந்த வீட்டில் சமைப்பவள் கதி என்ன? 1923 ஏப்ரல் 1 முதல் சுங்கச் சோதனை. வடக்கே கோராவுட்டில் நிறுத்தி மூட்டையைப் பிரி, தெற்கே டண்டாக்கில் நிறுத்தி மறுபடி பிரி. மாடு ஏற்றினாலும் முட்டை ஏற்றினாலும் காகிதம். மோனகன் விவசாயியின் சந்தை ஒரே நாளில் வெளிநாடாகிவிட்டது. 1932இல் டப்ளினும் லண்டனும் வரிச் சண்டை போட்டபோது மாட்டு வியாபாரம் படுத்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே சம்பள வெட்டை எதிர்த்து வடக்கே பெரிய ரயில் வேலைநிறுத்தம். இதில் எது "மாறாதவன்" குற்றம்?

அந்தக் கேடு கெட்ட முப்பதுகளில் இந்த "மாறாத" கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 1932இல் டண்டாக் பட்டறையிலேயே டீசல் ரயில்கார் கட்டினார்கள், அதாவது தனி எஞ்சின் இல்லாமல் தானே ஓடும் பயணிகள் பெட்டி. 1934இல் பேருந்தை எடுத்து, ரப்பர் டயருக்கு மேல் இரும்பு வளையம் போட்ட சக்கரத்தை மாட்டி, தண்டவாளத்தில் ஓட்டினார்கள். அந்தச் சக்கரத்துக்குக் காப்புரிமையே வாங்கினார்கள், ஹவ்டன் – மெரெடித் சக்கரம் என்று. ஆள் குறைந்த கிராமத்துப் பாதையில் குறைந்த செலவில் சேவை. பாய்ன் பாலத்தை 1932க்குள் பலப்படுத்தி, கனமான புது எஞ்சின்களை இறக்கினார்கள். கழுகு, ராஜாளி என்று வேட்டைப் பறவைகளின் பெயர். வான நீல வண்ணம். அதில் மெர்லின் என்ற ஒன்று ஸ்கிராப்புக்குப் போகாமல் தப்பியது.

"பேருந்துதான் ரயிலைக் கொன்றது, அது காலத்தின் கட்டாயம்" என்பவர்களுக்கு: கிரேட் நார்தர்ன் 1929 முதல் சொந்தமாகப் பேருந்தும் ஓட்டியது. அப்புறம் பேருந்தையே டண்டாக்கில் கட்டியது! 1935இல் வட அயர்லாந்து அரசு ஒரு சாலைப் போக்குவரத்து வாரியம் அமைத்து, எல்லைக்கு வடக்கே ஓடிய பேருந்துகளை எடுத்துக்கொண்டது. வருமானத்தை ரயிலோடு பகிர்ந்துகொள்வதாகப் பேச்சு. அந்தப் பகிர்வு உருப்படவில்லை. கையில் இருந்த பேருந்தைப் பிடுங்கிக்கொண்டு, "பேருந்தோடு போட்டி போட முடியவில்லையே" என்று கேட்பதற்குப் பெயர் பிசினஸ் பாடமா?

குதிரை டிராமுக்கு வருகிறேன். மறக்கவில்லை. ஃபின்டோனா என்ற சின்ன ஊர் பிரதான பாதையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான தூரத்தில் இருந்தது. அந்தத் துண்டில் ஒரு குதிரை, ஒரு பெட்டி. எந்தக் குதிரை வந்தாலும் பெயர் டிக். அந்தத் தூரத்துக்குக் குதிரை போதும், செலவும் குறைவு. அவ்வளவுதான் விஷயம். அதே டிக் வண்டி இழுத்துக்கொண்டிருந்த 1950இல்தான் அதே கம்பெனி ஏ.இ.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் டீசல் ரயில்கார்களை இறக்கியது, மொத்தம் 20. 1947இல் டப்ளின் – பெல்ஃபாஸ்ட் நடுவே எங்கும் நிற்காத என்டர்பிரைஸ் ரயிலை விட்டவர்களும் இவர்களே. சுங்கச் சோதனையை இரண்டு முனை நிலையங்களிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்து, எல்லையில் நிற்கும் தொல்லையைத் தவிர்த்தார்கள். அந்தப் படம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. குதிரை கிடைத்துவிட்டது.

போர்க்காலக் கூட்டம் போனதும் நஷ்டம் வந்தது. உண்மை. நிலக்கரி விலை, சம்பளம், லாரி. இதை நான் மறுக்கவே இல்லை, "மறுக்கிறார்" என்று எழுதாதீர்கள். தனியாகத் தாங்க முடியாது என்று கம்பெனி கைவிரித்தபோது, 1953இல் இரண்டு அரசுகளும் சேர்ந்து 45 லட்சம் பவுண்டுக்கு வாங்கின. ஒரு வாரியம், அதில் இரு பக்கத்துக்கும் சம எண்ணிக்கையில் ஆட்கள். டப்ளின் ஓட்ட வேண்டும் என்றது, பெல்ஃபாஸ்ட் மூட வேண்டும் என்றது. 1957 செப்டம்பர் 30. வடக்கு அரசு தன் பக்கத்தில் போர்ட்டடவுன் – ஆர்மா – எல்லை, ஓமா – என்னிஸ்கில்லன் – எல்லை, பண்டோரன் பாதை எல்லாவற்றையும் ஒரே இரவில் நிறுத்தியது. டிக்குக்கும் அன்றைக்குத்தான் கடைசி நாள். தெற்கே மிச்சமிருந்த துண்டுகள் வயலில் போய் முட்டி நின்றன. இரண்டு வாரத்தில் குளோனிஸுக்கும் கேவனுக்கும் பயணிகள் ரயில் நின்றது. என்னிஸ்கில்லனை நம்பி மாடு ஏற்றிக்கொண்டிருந்த ஸ்லைகோ, லீட்ரிம் கம்பெனியும் கூடவே மூடியது. அது வேறு கம்பெனி, பாவம், அதற்கும் ஒரு "பாடம்" போடுவீர்களா?

1958 அக்டோபர் 1 அன்று மிச்சத்தையும் பங்கு போட்டார்கள். எஞ்சின், பெட்டி எல்லாவற்றையும். ஒரே அச்சில் வார்த்த எஞ்சின்களில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் அப்பா டண்டாக் பட்டறையில் ஃபிட்டர். பட்டறையில் அதற்கப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? ஹைன்கல் என்ற முட்டை வடிவச் சின்னக் கார். ரயில் எஞ்சின் கட்டிய கூடத்தில் மூன்று சக்கரக் கார்! அந்த அப்பா அதற்கு நிற்கவில்லை, இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். "எங்கப்பாவுக்கு என்ன புது வேலை கற்றுக்கொள்ளத் தெரியாதா?" என்று பெரியவர் சொல்லும்போது இன்றைக்கும் குரல் ஏறும். பட்டறைக்குள் நீராவியிலிருந்து டீசலுக்கு மாறியவர்தானே அவர்.

இன்னொன்று. என் மனைவி நர்ஸ். லெட்டர்கென்னியில் ஓர் இன்டர்வியூ வந்தது. ரயில் தேடினேன், இல்லை. டோனகல் மாவட்டத்திலேயே ரயில் கிடையாது. கேவன், மோனகன், ஃபெர்மானா, டிரோன் எதிலும் கிடையாது. அம்மாவிடம் போனில் சொன்னால், "வெள்ளைக்காரன் ஊர்லயே ரயில் இல்லையாடா?" என்று நம்ப மாட்டேன் என்கிறார். பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். இதே டண்டாக்கில் ஏறி, குளோனிஸ், என்னிஸ்கில்லன், ஓமா வழியாக ஸ்ட்ரபேன். அங்கே மாறி, குறும்பாதை ரயிலில் லெட்டர்கென்னி. முழுக்கத் தண்டவாளம்! எங்களுக்கு வாய்த்தது பேருந்து மாறி மாறிப் போன முதுகுவலி. நஷ்டக் கணக்கு எழுதியவர்கள் இந்த முதுகுவலியை எந்தப் பத்தியில் எழுதினார்கள்?

"சும்மா ஓடுகிற காலி ரயிலுக்கு வரிப்பணமா?" என்பார்கள். சாலைக்கு யாராவது லாபக் கணக்கு கேட்டதுண்டா? தெருவிளக்கு டிவிடெண்ட் கொடுக்கிறதா? சரி, இது வேறு சண்டை. இன்னொரு நாள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சில நண்பர்களே கேட்கிறார்கள். ரயில் பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் உண்மைதான். ஆனால் இந்த "மாறாதவன் மறைவான்" பேச்சை நான் நேரிலும் கேட்டிருக்கிறேன். முன்பு ஒரு நிறுவனத்தில் எங்கள் குழுவையே மூடினார்கள். வேலையைத் தூக்கி வேறொரு நாட்டுக்குக் கொடுத்தார்கள். முடிவெடுத்தவர் எங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. அந்தக் காலாண்டில் நாங்கள் கெட்ட வேலை செய்யவுமில்லை. ஊரில் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் பந்தியில் உட்கார்ந்தபடியே கேட்டார், "ஸ்கில் அப்டேட் பண்ணிருக்க வேணாமா மாப்ள?" சாம்பார் ஊற்ற வந்தவர்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வீடியோக்காரர் அந்த மாமா மாதிரியே சிரிக்கிறார். விழுந்தவனைப் பார்த்ததும் அவன் தப்பு என்னவென்று தேடுவது அவ்வளவு சுகமா? யார் தள்ளினார்கள் என்று ஒரு பார்வை பார்த்தால் பார்வையாளர் எண்ணிக்கை குறைந்துவிடுமா?

"அப்போ எல்லாத் தவறும் அரசுகளுடையதா?" என்று வருவீர்கள். பெரும்பாலும் ஆமாம். டப்ளினும் யோக்கியம் இல்லை, அந்தச் சுங்க எல்லையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் பாதையை வெட்டிய கை பெல்ஃபாஸ்டின் கை. டெர்ரி பாதையையும் 1963இல், வடக்கு அரசு கேட்டு வாங்கிய பென்சன் அறிக்கை மூடச் சொன்னது, 1965 பிப்ரவரியில் மூடினார்கள். போர்ட்டடவுன், டங்கானன், ஓமா, ஸ்ட்ரபேன், டெர்ரி. அதுவும் போச்சு. கிரேட் நார்தர்ன் என்ற பெயர் அதற்கு முன்பே போய்விட்டது, அதனால் இந்தப் பழியையாவது அந்தக் கம்பெனி தலையில் கட்ட முடியாது. கட்டினாலும் கட்டுவார்கள்.

ஒரு தகவல் சொல்லி முடிக்கிறேன், வீடியோ போடுபவர்களுக்குப் பயன்படும். 2024இல் இரண்டு அரசுகளும் சேர்ந்து தீவு முழுவதுக்கும் ஒரு ரயில் ஆய்வறிக்கை வெளியிட்டன. அதில் போர்ட்டடவுனிலிருந்து டங்கானன், ஓமா, ஸ்ட்ரபேன் வழியாக டெர்ரிக்கு மறுபடியும் ரயில் பாதை போடச் சொல்லியிருக்கிறார்கள். போர்ட்டடவுனிலிருந்து ஆர்மா, மோனகன், கேவன் வழியாக முல்லிங்கருக்கும். எல்லாம் பொதுப் பணத்தில். பிடுங்கிய அதே ஊர்களுக்கு. இதற்கும் ஒரு வீடியோ போடுங்கள் தம்பி. குதிரைப் படம் வேண்டாம், தலைப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் கமெண்ட் போட மாட்டேன்.