போரானாவுக்குப் பெயர் இருக்கிறது

தமிழில் ஒரு தம்பி எடுத்துப் போட்ட அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் விட்டீர்கள். தெற்கு எத்தியோப்பியாவில் ஒரு கிணற்றடியில் நின்றுகொண்டு, அங்கிருக்கும் மக்களைச் சட்டம் தெரியாதவர்கள், காட்டுவாசிகள் என்கிறார் அந்தத் தம்பி. அவர்கள் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. போரானா. எத்தியோப்பியாவின் பெரிய இனமான ஒரோமோ மக்களில் மூத்த பிரிவு என்று மற்ற ஒரோமோக்களே மதிக்கிறவர்கள்.

அவர்கள் ஊரான யாபெலோ பக்கம் நான்கு வருடம் வாத்தியாராக இருந்தவன் நான். அங்கே கதா என்ற முறைப்படி எட்டு வருடம் முடிந்தால் தலைவர் இறங்கியே ஆகவேண்டும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. 2017இல் வந்து 2025இல் இறங்கிய குரா ஜார்சோ 71வது தலைவர், அதாவது 'அப்பா கதா' (அப்பா என்றால் அங்கேயும் தகப்பன்தான்). எட்டு வருடத்துக்கு ஒருமுறை காயோ என்ற இடத்தில் பேரவை கூடிச் சட்டங்களைச் சொல்லிப் பார்த்து, வேண்டியதைத் திருத்துகிறார்கள். யுனெஸ்கோ 2016இல் இந்தக் கதா முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவர்களுக்கா சட்டம் தெரியாது?

டான்ஸ் என்று காட்டினாரே, அது தண்ணீர் இறைப்பது. ஆழக் கிணற்றுக்குள் படிக்குப் படி ஆள் நின்று வாளியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள், பாட்டு நின்றால் கை தாளம் தப்பும். எந்த மந்தைக்கு எப்போது முறை என்று பார்க்க 'அப்பா ஹெரேகா' என்று ஒருவர் இருப்பார். இதுவும் சட்டம்தான்.

சின்னப் பையன், விடுங்கள் என்கிறீர்கள். லட்சம் பேர் பார்க்கிற இடத்தில் பேசுகிறவர் சின்னப் பையன் இல்லை. கதாவில் பெண்களுக்குப் பதவி இல்லையே என்று ஒருவர் கேட்டார். இல்லைதான், எனக்கும் அது உறுத்தும். ஆனால் கட்டிய மனைவியை ஒருவன் அடித்தால் ஊர்ப் பெண்கள், கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சீங்கே கோலோடு திரண்டு வந்து நிற்பார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் காப்பி. முகம் சுளித்தாரே, அதுதான் தாங்கவில்லை. என் மாணவன் வீட்டில் அவன் அம்மா காப்பிப் பழங்களை ஒவ்வொன்றாக நுனி கடித்து, வெண்ணெயில் பொரித்து மரக்கிண்ணத்தில் தந்தார். புனா கலா. 'கலா' என்றால் அறுப்பது, விருந்தாளிக்கு மாடு அறுத்த மாதிரி. வெண்ணெய் வாசனை விரலில் இரண்டு நாள் இருந்தது. 2020இலிருந்து மழை தொடர்ந்து பொய்த்ததில் அந்த வீட்டு மாடுகள் எல்லாமே போய்விட்டன. வீடியோவில் எலும்பு தெரிகிற மாடுகளைக் காட்டிச் சிரிக்கிறார்.

நேற்று அந்த மாணவன் அதே வீடியோவை எனக்கு அனுப்பியிருக்கிறான். "சார், இது உங்கள் மொழிதானே, எங்களைப் பற்றி என்ன சொல்கிறார்?" என்று கேட்கிறான். சந்தோஷமாகக் கேட்கிறான். இன்னும் நான் பதில் போடவில்லை.