ஹேர் டிரையர் வேண்டாம்

"குன்னூர்க் குளிரில் லேப்டாப் கீபோர்டு விட்டுவிட்டு வேலை செய்தால் ஈரம்தான் காரணம், ஹேர் டிரையர் காட்டுங்கள்" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். வேண்டாங்க, சூட்டில் கீ மூடிகள் நெளிந்துவிடும். ஈரம் பொய்யில்லை, பனியில் கிடந்த லேப்டாப்பைக் கணப்பு மூட்டிய அறைக்குள் கொண்டுவந்தால் வியர்க்கத்தான் செய்யும். ஆன் செய்யாமல் கொஞ்ச நேரம் விட்டாலே போதும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஈரத்தைக் குறை சொல்ல முடியாது. பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் அம்புக்குறி கீகளைத் தட்டிப் பாருங்கள். அங்கே சரியாக நகர்ந்தால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸில். வலது ஷிப்டை 8 விநாடி அழுத்தியிருந்தால் ஃபில்டர் கீஸ் வேண்டுமா என்று கேட்கும். படிக்காமல் 'எஸ்' கொடுத்திருந்தால் வேகமாகத் தட்டும் எழுத்து விழாது. பயாஸிலும் தகராறு என்றால் கீபோர்டை உள்ளே இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் தளர்ந்திருக்கலாம். டச்பேட் உப்பியிருந்தால் பேட்டரி வீக்கமாக இருக்கும். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள்.